கொசு இல்லாத நாடு

ஜூன் 18, செவ்வாய்

நாட்குறிப்பு எழுதுவது விட்டுப்போய் இரண்டு வருடம் ஆகிறது. அங்கே இருந்தபோது எழுதவில்லை. எழுதினால் எங்கே வைப்பது?

இன்று மதியம் தலைமையாசிரியர் மரியசூசை சார் கூப்பிட்டார். இந்த வருடம் ஒவ்வொரு வகுப்பும் ஒரு தூர தேசத்தை எடுத்துக்கொண்டு நம் மணப்பாறையோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டுமாம். ஆகஸ்டில் பெற்றோர் நாளன்று பிள்ளைகளே மேடையேறிச் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்புக்கு ஜப்பான். ஐந்தாம் வகுப்புக்கு எகிப்து. என் நான்காம் வகுப்புக்கு எது சார் என்று கேட்டேன்.

“இதென்னம்மா கேள்வி? பின்லாந்துல குடும்பம் நடத்திட்டு வந்த ஆளு நீங்க. ஒங்களை வச்சுக்கிட்டு நான் வேற நாட்டைக் குடுத்தா சிரிக்க மாட்டாங்க?”

வேறு எதையாவது கொடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். தொண்டை வரை வந்தது. சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் பக்கத்து வீட்டுப் பங்கஜம் அக்காவுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினாள். “பாத்தியா வசு, மாப்ள ஒன்னைக் கூட்டிட்டுப் போனது எதுக்கெல்லாம் ஒதவுது!”

ஜூன் 20, வியாழன்

முதல் வகுப்பு. நேற்று மாலை முழுக்கப் போனில் பின்லாந்து பற்றிய காணொளிகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். கரும்பலகையில் நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் ‘அங்கே’, மறுபக்கம் ‘இங்கே’ என்று எழுதினேன்.

உலக உருண்டையைக் கொண்டுபோய்க் காட்டினேன். யாசின் மணப்பாறையைத் தேடினான். நம் ஊர் அதில் இல்லை என்றதும் அவனுக்குக் கோபம். “மாட்டுச்சந்தைக்கு எங்கிருந்தெல்லாம் வர்றாங்க மிஸ், இதுல போடலையா?”

அங்கே ஆயிரக்கணக்கில் ஏரிகள். இங்கே கோடையில் குளங்கள் காய்ந்து கிடக்கும். அங்கே பனி; இங்கே புழுதி. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். கபிலேஷ் எழுந்து, “மிஸ், நீங்க பனியில விளையாண்டீங்களா?” என்று கேட்டான்.

“ஆமாம். பனியில் பொம்மை செய்தேன்.”

வகுப்பே “ஓ” என்றது. அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. உண்மை அதுதான்.

பின் வரிசையில் பேசுவது சரியாகக் கேட்கவில்லை. ஃபேன் போடுகிற சத்தம் அப்படி. இடது ஓரத்துப் பிள்ளைகளை வலது பக்கம் மாற்றி உட்கார வைத்தேன்.

ஜூன் 25, செவ்வாய்

இன்று உடை. இங்கே பருத்தி, அங்கே கம்பளி. குளிர்காலத்தில் அங்குள்ளவர்கள் எப்படி வெளியே கிளம்புவார்கள் என்று ஒரு பையனைப் படமாக வரைந்து, தொப்பியிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். தொப்பி, கழுத்துத் துணி, கையுறை, உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று இரண்டு சட்டை, மேலே கோட்டு.

அமலி கை தூக்கினாள். முன் வரிசையில் இருப்பவள், எதையும் விடமாட்டாள். “கால்ல மிஸ்? கால்ல என்ன போடுவாங்க?”

“பெல் அடிக்கப் போகுது, நோட்டை மூடுங்க” என்றேன். அழித்துவிட்டேன். பெல் அடிக்கக் கால் மணி நேரம் இருந்தது. அதுவரை வாய்ப்பாடு சொல்ல வைத்தேன்.

ஜூன் 26, புதன்

காய்ச்சல் என்று சொல்லி விடுப்பு. காய்ச்சல் இல்லை.

ஜூலை 3, புதன்

கோடையில் அங்கே சூரியன் மறைவதே இல்லை என்று இன்று சொன்னேன். ராத்திரிச் சாப்பாட்டைக்கூட வெயிலில் உட்கார்ந்து சாப்பிடலாம். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். கபிலேஷ், “அப்ப பேய் எப்ப மிஸ் வரும்?” என்று கேட்க, நானே மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். எத்தனை நாளாயிற்று அப்படிச் சிரித்து.

“நீங்க பாத்தீங்களா மிஸ், ராத்திரியில சூரியனை?”

“பார்த்தேன். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பேன்.”

நான் போனது ஒரு அக்டோபரில். திரும்பியது அடுத்த மார்ச்சில். கோடைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஊரில் எல்லோரும் ஒரு வருடம் இருந்தேன் என்று நினைக்கிறார்கள். அம்மா அப்படிச் சொல்லி வைத்திருக்கிறாள்.

சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த முடிவதில்லை. அங்கே யாரும் கதவைப் பூட்ட மாட்டார்கள் என்றேன். குப்பை இருக்காது. சத்தம் இருக்காது. குளிர் நாடு, அதனால் கொசுவே கிடையாது. கொசு இல்லை என்றதும் கை தட்டினார்கள். பாதிப் பேர் காலைச் சொறிந்துகொண்டே தட்டினார்கள்.

ஜூலை 9, செவ்வாய்

பள்ளிக்கூடங்களை ஒப்பிட்டோம். அங்கே பிள்ளைகளை அடிப்பது சட்டப்படி குற்றம், பெற்றோர்கூட அடிக்கக் கூடாது என்று படித்திருந்தேன். அதைச் சொன்னேன். ‘இங்கே’ பக்கத்தில் என்ன எழுதுவது என்று அவர்களுக்குள்ளேயே பேசிச் சிரித்துக்கொண்டார்கள்.

யாசின்: “யாரும் யாரையும் அடிக்க மாட்டாங்களா மிஸ்?”

“அடிக்க மாட்டார்கள்.”

“யாருமேவா?”

“யாருமே.”

எழுதிக்கொண்டார்கள். அங்கே: யாரும் யாரையும் அடிக்க மாட்டார்கள். முப்பது நோட்டுகளிலும் அந்த வரி இருக்கிறது. வீட்டுக்குத் திருத்தக் கொண்டுவந்தேன். எல்லாவற்றிலும் சிவப்பு மையில் சரி போட்டேன்.

ஜூலை 16, செவ்வாய்

மாலை வாயிற்கதவருகில் அமலியின் அம்மா காத்திருந்தார். பெயர் செலின். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் தனியார் மருத்துவமனையில் நர்ஸ். வெள்ளைச் சீருடையிலேயே வந்திருந்தார்.

“டீச்சர், ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். எனக்குப் பின்லாந்துல வேலை கெடைச்சிருக்கு. முதியோர் இல்லத்துல. எட்டு மாசமா அந்தப் பாஷை படிக்கிறேன், பரிட்சை பாஸ் பண்ணிட்டேன். இந்த மாசக் கடைசிக்குள்ள சம்மதம் சொல்லி கையெழுத்துப் போடணும். எனக்குத்தான் பயமா இருக்கு. இவளை விட்டுட்டுப் போகணும்ல.”

அமலி அவர் புடவை… இல்லை, அவர் சீருடைச் சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

“ஆனா இவதான் டீச்சர் எனக்கே தைரியம் சொல்றா. அம்மா நீ போ, அங்க யாரும் யாரையும் அடிக்க மாட்டாங்களாம், கதவைக்கூடப் பூட்ட மாட்டாங்களாம், எங்க மிஸ் இருந்துட்டு வந்தவங்கன்னு. அவங்க அப்பாவும் சொல்லிட்டாரு, டீச்சரைக் கேளு, அவங்க சொன்னா சரின்னு. நீங்க சொல்லுங்க டீச்சர். போகலாமா?”

வெயில் கண்ணில் அடித்தது. “தாராளமா போங்க” என்றேன். “நல்ல நாடு.”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வீடு வரும்வரை அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஜூலை 17, புதன்

அம்மாவிடம் கேட்டேன், யாராவது ஒருவரிடம் உண்மையைச் சொன்னால் என்ன என்று.

“எந்த உண்மையை?” என்றாள். கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

“நான் ஏன் வந்தேன் என்று.”

“சொன்னா யாருக்கு அசிங்கம்? அவருக்கா? அவரு எங்கயோ இருக்காரு. நாமதான் இந்தத் தெருவுல நடக்கணும். ரெண்டு வருஷம் போகட்டும், தானா மறந்துருவாங்க.”

அம்மாவுக்குப் பாதிதான் தெரியும். கை நீட்டினார் என்பது வரை. மீதியை நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

பூசை முடிந்து செலின் நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அமலியும் கூட. கேட்க வேண்டியவற்றை எல்லாம் மனத்தில் அடுக்கிக்கொண்டு வந்திருந்தார். அங்கே பேருந்தில் எப்படி ஏறுவது, முன்பக்கமா நடுவிலா? நம் அரிசி எந்த மாதிரிக் கடையில் கிடைக்கும்? பனியில் வழுக்கினால் எப்படி நடப்பது? ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருக்குமா?

நான் பேருந்தில் ஏறியதே இல்லை. கடைக்குப் போனது நாலோ ஐந்தோ முறை, காரில், அவரோடு. வாயில் வந்ததைச் சொன்னேன். நடுக்கதவு வழியாக ஏறலாம் என்றேன். செலின் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு கொஞ்சம் தயங்கி, “எந்தப் பக்கமா நடந்து போனா ஏரி வரும் ஒங்க வீட்டுலேர்ந்து?” என்று கேட்டார். நான் இருந்தது ஏரி ஊர் என்று அவரே தேடிப் பார்த்திருக்கிறார். எனக்குத் தெரியவில்லை. “மறந்துபோச்சு” என்றேன்.

அம்மா காபி கொண்டுவந்தாள். “அவ எங்கம்மா வெளிய போனா? மாப்ள அவளை வாசப்படி தாண்ட விடமாட்டாரு. அவ்வளவு செல்லம்!”

செலின் காபியை வாங்கிக்கொண்டார். என்னைப் பார்த்தார். பிறகு எதுவும் கேட்கவில்லை. கிளம்பும்போது என் வலது பக்கமாக வந்து நின்று, “வர்றேன் டீச்சர்” என்றார்.

ஜூலை 29, திங்கள்

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

இன்று உயிரினங்கள் பாடம். அங்கே கலைமான், இங்கே மாடு. அங்கே கரடி, இங்கே நரி. அமலி எழுந்து நின்றாள்.

“மிஸ், அங்க கொசு இருக்காம். கோடையில மேகம் மாதிரி வருமாம். அம்மாவோட பாஷை மேடம் சொன்னாங்க. படமும் காட்டுனாங்க. நாம தப்பா எழுதியிருக்கோம் மிஸ்.”

மெதுவாகத்தான் சொன்னாள். எனக்கு உதவி செய்கிற மாதிரித்தான் சொன்னாள். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். “சரி, மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்” என்று சொல்ல ஒரு நொடி ஆகியிருக்காது.

“அங்கே நான் இருந்தேனா, உன் அம்மா இருந்தாங்களா?” என்றேன்.

“நீங்க மிஸ்.”

“அப்புறம் என்ன? உங்க அம்மா இன்னும் திருச்சியையே தாண்டல. அதுக்குள்ள எனக்குச் சொல்லித் தர வந்துட்டியா?”

வகுப்பு சிரித்தது. சிரிக்க வைத்தது நான். அமலி நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொல்ல மறந்துவிட்டேன் என்று எழுதலாம். மறக்கவில்லை. பெல் அடிக்கும்வரை நிற்க விட்டேன்.

போகும்போது அவள் நோட்டைப் பார்த்தேன். ‘கொசு இல்லை’ என்பதை அடித்து மேலே ‘உண்டு’ என்று எழுதியிருந்தாள். அதையும் அடித்து மறுபடி ‘இல்லை’ என்று எழுதியிருந்தாள்.

ஜூலை 30, செவ்வாய்

மாலை செலின் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

“நேத்து வீட்டுல பெரிய கலாட்டா டீச்சர். பாஷை மேடம் போன்ல பேசிட்டிருக்கையில இவ பிடுங்கி, ‘நீங்க பொய் சொல்றீங்க, எங்க மிஸ் அங்க இருந்தவங்க’ன்னுட்டா. எனக்குப் பொறுக்கல. அடிச்சிட்டேன். இதுவரைக்கும் நான் அவளை அடிச்சதே இல்ல.”

அவர் கண் சிவந்திருந்தது.

“அப்புறம் அவ கேக்குறா, ‘அம்மா, அந்த ஊருக்குப் போய்ட்டா அடிக்க மாட்டேல்ல?’ன்னு. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க.”

நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

“ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்காதீங்க. அவ்வளவு நல்ல ஊருன்னா நீங்க ஏன் வந்துட்டீங்க? எங்க வீட்டுக்காரரு அதைத்தான் கேக்குறாரு. நாளைக்கு நான் பதில் சொல்லியாகணும். அங்க ஏதாச்சும் ஆச்சா? நம்ம ஆளுங்களைக் கேவலமா நடத்துறாங்களா? உண்மையைச் சொல்லுங்க, நான் போகல. இங்கயே கெடந்துக்குறேன்.”

“அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமப் போச்சு. அதான் வந்துட்டேன்.”

உள்ளே அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். வருடத்துக்கு ஒரு தும்மல்கூட வராதவள். செலின் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். “சரிங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பின்லாந்து போகப்போவதில்லை என்று முதுகிலேயே தெரிந்தது.

ஜூலை 31, புதன்

மதிய உணவு இடைவேளையில் மரியசூசை சாரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு நடந்தேன். சந்தை நாள். மாடு ஏற்றிய வண்டிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. நல்ல வேளை என்று நினைத்தேன். திரும்பிவிட அதுவே சாக்கு. ஆனாலும் வண்டிகளுக்கு இடையில் புகுந்து போய்விட்டேன்.

செலின் பெண்கள் வார்டில் இருந்தார். என்னைப் பார்த்ததும் ஊசித் தட்டை வைத்துவிட்டுத் துணி மடிக்கும் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு ஸ்டூல்தான் இருந்தது. அதில் என்னை உட்கார வைத்தார்.

நான் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

போன மூன்றாவது வாரம் கடையில் ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பார்த்தேன். சந்தோஷத்தில் பேசிவிட்டேன். அந்த வீட்டு மனிதரிடமும் சிரித்துப் பேசினேன். வீட்டுக்கு வந்ததும் கன்னத்தில் விழுந்தது. மறுநாள் காலை அவர் வேலைக்குப் போகும்போது என் பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். காரில் போட்டுக்கொண்டார். கோட்டையும். அதன்பின் தினமும் அப்படித்தான். கதவைப் பூட்டவே இல்லை. பூட்ட வேண்டிய அவசியம் இல்லை. வெளியே பனி முழங்கால் வரை. செருப்பில்லாமல் எங்கே போவது? வீட்டுக்குப் பேசும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். “சந்தோஷமா இருக்கேம்மா” என்பேன்.

பிள்ளைகளுக்கு நான் சொன்ன பின்லாந்து, போனில் பார்த்த பின்லாந்து. நான் பார்த்தது ஒரு ஜன்னலும் அதற்குக் கீழே கார் நிறுத்தும் இடமும்.

மார்ச்சில் ஒருநாள் குப்பையைப் போடச் சாக்ஸோடு முற்றத்தில் இறங்கினேன். வீட்டுக்குள் நாற்றம் தாங்கவில்லை. எதிர்வீட்டுப் பெண் பார்த்துவிட்டாள். பேருந்து ஓட்டுகிறவள், வேலை உடுப்பில் இருந்தாள். அவள் பேசியது எனக்குப் புரியவில்லை. என் காலைப் பார்த்தாள், மேலே எங்கள் ஜன்னலைப் பார்த்தாள். மறுநாள் அவர் கார் கிளம்பியதும் கதவைத் தட்டினாள். கையில் ஒரு ஜோடி பூட்ஸ். அவளுடையது. எனக்கு ரொம்பப் பெரிது. குனிந்து அவளே கட்டிவிட்டாள். பெண்களைத் தங்க வைக்கும் ஓர் இல்லத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். போலீஸ் வந்து பாஸ்போர்ட்டை வாங்கிக் கொடுத்தது. ஊர் வந்து சேர்ந்தேன்.

“இவ்வளவுதான்” என்றேன். “அமலியை நிற்க வைத்தேன். அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். அங்கே கொசு உண்டோ இல்லையோ, எனக்குத் தெரியாது.”

செலின் ஒரு விரிப்பை எடுத்து மடித்தார். மறுபடி விரித்தார்.

“இடது காது எப்பலேர்ந்து கேக்கல?”

நான் அவரைப் பார்த்தேன்.

“கேட்டுல மொத நாளு பேசுனப்பவே பாத்தேன். தலையத் திருப்பித் திருப்பிக் கேட்டீங்க. எங்க வார்டுல இந்த மாதிரி வருவாங்க டீச்சர். கேட்டா வழுக்கி விழுந்தேம்பாங்க, அம்மிக்கல்லு இடிச்சிருச்சும்பாங்க. இந்த ஊருதான், இந்தத் தெருதான். ஒருத்தியும் பின்லாந்துலேர்ந்து வரல.” விரிப்பை அடுக்கில் வைத்தார். “ஒங்களை அடிச்சவன் அந்த நாட்டுக்காரனா?”

“திருவெறும்பூர்.”

“பின்ன?” என்றார்.

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. வெட்கம்தான் வந்தது, காது நுனிவரை. இத்தனை நாள் எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்களோ என்று.

காது டாக்டர் வெள்ளிக்கிழமை வருவாராம். பெயர் பதிந்துவிட்டார், என்னைக் கேட்காமலே.

ஆகஸ்ட் 1, வியாழன்

செலின் நேற்றே கையெழுத்துப் போட்டுவிட்டார். போனில் சொன்னார். “அந்தப் பஸ் ஓட்டுற பொம்பளை மாதிரி ரெண்டு பேரு இருந்தாப் போதும் டீச்சர்.”

நாளைக்கு வகுப்பு இருக்கிறது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கரும்பலகையில் கோடு போட்டு, ‘அங்கே’ என்று எழுதி, அதற்குக் கீழே எதுவும் எழுதாமல் திரும்பினேன்.

“அந்த நாட்டில் கொசு உண்டு. அமலி சொன்னதுதான் சரி. நான் சொன்னது பொய்.”

பிள்ளைகள் நோட்டிலிருந்து தலை தூக்கினார்கள். ஆசிரியர் அந்த வார்த்தையைத் தன்னைப் பற்றிச் சொல்லி அவர்கள் கேட்டதில்லை.

“பனிப்பொம்மை செய்ததும் பொய். ராத்திரியில் சூரியனைப் பார்த்ததும் பொய். நான் அங்கே இருந்தது குளிர்காலத்தில் மட்டும். பெரும்பாலும் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. அமலியை நிற்க வைத்தது என் தப்பு. அவளைப் பார்த்துச் சிரித்தது உங்கள் தப்பில்லை, அதுவும் என்னுடையதுதான்.”

யாசின்தான் கேட்டான். “ஏன் மிஸ் வெளிய போகல? குளிரா?”

“என்னைப் போக விடவில்லை. என் பூட்ஸை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.”

“யாரு?”

“கூட இருந்தவர்.”

கபிலேஷ் யோசித்தான். “அடிச்சாங்களா மிஸ்?”

ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் எதைச் சொல்வது, எதை விடுவது? ஆனால் முப்பது நோட்டிலும் சிவப்பு மையில் சரி போட்டது நான்.

“ஆமாம். ‘யாரும் யாரையும் அடிக்க மாட்டார்கள்’ என்று எழுதினோம் இல்லையா? அதை மாற்றி எழுதுங்கள். அங்கே அடித்தால் சட்டம் கேட்கும். அடிக்கிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. தட்டிக் கேட்கிறவர்களும் உண்டு.”

எழுதிக்கொண்டார்கள். அமலி எழுதவில்லை. “தண்ணி குடிக்கப் போகலாமா மிஸ்?” என்று கேட்டாள். போ என்றேன். வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. மன்னித்துவிட்டாள் என்று எழுத ஆசை. அப்படி எதுவும் நடக்கவில்லை.

மாலை காது டாக்டர். சவ்வு கிழிந்திருக்கிறதாம். அறுவைச் சிகிச்சை செய்தால் கொஞ்சம் திரும்பலாம் என்றார். “எப்படி ஆச்சு?” என்றார். வழுக்கி விழுந்தேன் என்று வாய்வரை வந்தது. அடி என்றேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

முப்பது பிள்ளைகளிடம் சொன்னால் முப்பது வீட்டில் சொன்னது போலத்தான். மணப்பாறை பெரிய ஊரா என்ன? அம்மா கோயிலுக்குப் போனவள் பாதி வழியில் திரும்பிவிட்டாள். செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தாள்.

“சின்னப் பிள்ளைகள்ட்ட போயாடி சொல்லுவ? பூட்ஸை எடுத்துட்டுப் போயிருவானாமே, முறுக்குக் கடைக்காரி சொல்றா. எனக்கு அவ சொல்லித்தான் தெரியணுமா?”

அதற்குமேல் பேசவில்லை. அவள் அவமானம் எதில் என்று எனக்குப் புரியவில்லை. ஊருக்குத் தெரிந்ததிலா, தனக்குத் தெரியாமல் போனதிலா?

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மரியசூசை சார் கூப்பிட்டார். இரண்டு அப்பாக்கள் வந்து கேட்டிருக்கிறார்கள், பாடத்தில் இதெல்லாம் எதற்கு என்று. நாற்காலியைக் காட்டினார். அவர் என்னைப் பார்க்காமல் மேசையில் இருந்த பேப்பர்வெயிட்டை நகர்த்திக்கொண்டிருந்தார்.

“ஒங்களைக் கேக்காம அந்த நாட்டை ஒங்க தலையில கட்டுனது நான்தான். வேணாம்னா பெற்றோர் நாளைக்கு நாலாம் வகுப்பை விட்டுருவோம்மா.”

வேண்டாம், செய்கிறோம் என்றேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து. இந்த முறை செலினின் பாஷை மேடம் போனில் வகுப்போடு பேசினார். பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள். அங்கேயும் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவார்களாம். “நம்மள மாதிரியே!” என்று ஒரே கூச்சல். நானும் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டேன். எனக்கும் புதிதுதான்.

ஆகஸ்ட் 24, சனி

பெற்றோர் நாள். காலையிலேயே அம்மாவிடம் வர வேண்டாம் என்றேன். பதில் சொல்லாமல் நல்ல புடவையை எடுத்துக் கட்டினாள்.

எங்கள் வகுப்பு கடைசி. யாசின் உலக உருண்டையில் ஒரு புள்ளி வைத்து மணப்பாறை என்று ஒட்டியிருந்தான். அமலி மேடையில் தன் பங்கைச் சொன்னாள். “அங்கே கோடையில் கொசு உண்டு. இங்கே எல்லா மாதமும் உண்டு.” கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள். இறங்கும்போது ஒரு தடவை என் பக்கம் பார்த்தாள். செலினுக்கு விசா வந்துவிட்டது. அடுத்த மாதம் பயணம். மகள் பேசி முடிக்கும்வரை கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

டீ கொடுக்கும்போது பங்கஜம் அக்கா அம்மாவிடம் வந்தாள். சுற்றிலும் ஆட்கள். எல்லாம் தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

“மாப்ள எப்ப வர்றாராம்?”

நான் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு இதற்கு நாலைந்து பதில்கள் மனப்பாடம். லீவு கிடைக்கவில்லை. புது வேலை. விசா.

“அவன் வர மாட்டான்” என்றாள் அம்மா.

அவர் போய் அவன் ஆகிவிட்டார். பங்கஜம் அக்காவுக்கு அடுத்து என்ன கேட்பது என்று தெரியவில்லை. அம்மா டீயை முழுதாகக் குடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

வீட்டுக்கு நடந்தோம். ரயில்வே கேட்டில் சரக்கு வண்டிக்காக நின்றபோது அம்மா பேசினாள். இத்தனை நாளுக்குப் பிறகு என்னோடு முதல் பேச்சு.

“அந்தப் பொம்பளை பேரு என்ன?”

“எந்தப் பொம்பளை?”

“பூட்ஸு குடுத்தவ.”

வண்டி போய்க்கொண்டே இருந்தது. கடைசிப் பெட்டி போகும்வரை யோசிப்பது போல நின்றேன். யோசிக்க ஒன்றும் இல்லை.

“தெரியாதும்மா.”

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். “குனிஞ்சு ஒன் கால்ல கட்டிவிட்டாளாமே, செலின் சொல்லுச்சு. அவ பேரு கூடக் கேக்காமயா வந்த?”

அங்கே வீட்டுக் கதவுகளில் பெயர் எழுதியிருக்கும். எதிர்வீட்டுக் கதவிலும் இருந்தது. கடைக்குப் போனபோதெல்லாம் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். ஒருமுறைகூட நின்று படிக்கவில்லை.

கேட் திறந்தது. அம்மா முன்னால் நடந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போனேன்.